நீலம் பூசிய கல்குவாரி

"குழியெல்லாம் ஒரே குழியா? என்ன குழியெண்டு பாக்காம கோடு இழுத்து வச்சிருக்கிறீங்க. நாளைக்கு மாதம்பிட்டிச் சவக்காலையில என்னைத் தாட்டாலும் அதுக்கு மேலயும் ஒரு சுத்தியல் அடையாளம் போடுவீங்க."

கொன்ஸ்ரன்ஸ் மிஸ் இதைச் சொல்லாத நாள் எங்கள் அலுவலகத்தில் இருந்ததில்லை. காலையில் வந்து கைப்பையை மேசையில் வைக்கும்போது தொடங்கும். மீன் வைத்த மாலுபாணைப் பிய்த்துத் தின்னும்போது தொடரும். பின்னேரம் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போதும், கீழே மருந்துக்கடைக்காரருக்குக் கேட்கிற அளவில் போய்க்கொண்டிருக்கும். மருந்துக்கடைக்காரர் சிங்களவர். இருந்தாலும் "குழி" என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் அந்த மருந்துக்கடைக்கு மேலேதான் எங்கள் அலுவலகம். வானத்திலிருந்து எடுத்த படங்களைக் கணினியில் விரித்து, வீதி, ஆறு, வயல், கட்டடம் என்று ஒவ்வொன்றையும் கோடாக்கி வரைபடம் செய்து கொடுப்பது எங்கள் தொழில். முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா சேர், யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்து இளைப்பாறியவர். ஒவ்வொருவருக்கும் ஒரு பொருளைப் பிரித்துக் கொடுத்திருந்தார். பக்கத்து மேசை தனுஷியாவுக்கு வீதிகள். எனக்கு வாய்த்தது தோண்டிய இடங்கள். நான் கீறியதைச் சரிபார்த்து, பிழையென்றால் திட்டி, சரியென்றாலும் திட்டி, கடைசியில் தன் பெயரின் முதலெழுத்துக்களைப் பதிந்து அனுப்புவது கொன்ஸ்ரன்ஸ் மிஸ்.

அவருடைய குரலைச் சேர்ந்த கிழமையே பிடித்துவிட்டேன். மூக்கில் தொடங்கும் குரல். வசனத்தின் கடைசிச் சொல்லை இழுத்து மேலே கொண்டுபோய், இறக்காமல் அங்கேயே தொங்கவிட்டுவிடுவார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் அதைச் செய்து காட்ட, தனுஷியா பருப்புக்கறியோடு புரைக்கேறித் தவிப்பாள். ஒருநாள் அப்படிச் செய்துகொண்டிருந்தபோது பின்னால் சத்தம் வந்தது. "மூக்கு காணாது மல்லி. இன்னும் கொஞ்சம் மூக்குப் போடு." தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்று அழைப்பது அவர்தான். திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. அவர் தன் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் இருக்கும்போதே செய்வதற்கு எனக்கு அனுமதி கிடைத்தமாதிரி.

குழியெல்லாம் ஒரே குழி இல்லை என்பதை அவர் இப்படித்தான் விளங்கப்படுத்துவார். நிலத்திலிருந்து ஏதாவது வெளியே எடுக்கத் தோண்டியிருந்தால் மட்டும் அது எங்களுடையது. எதையாவது உள்ளே வைக்கத் தோண்டியிருந்தால், அத்திவாரமோ குப்பையோ பிரேதமோ, அது வேறு ஆட்களுடைய வேலை. எங்களுடையதிலும் இரண்டு சாதி. மலையின் விலாவை வெட்டிக் கல் எடுத்தால் அது குவாரி. அதற்கு ஒரு சுவர் நிமிர்ந்து நிற்கும். தரையைக் கீழ்நோக்கித் தோண்டி மண்ணோ களியோ மணலோ எடுத்தால் அது குழி. அதற்கு விளிம்பு மட்டும்தான். இன்னும் வேலை நடக்கிறதா, நிறுத்திவிட்டார்களா, நிறுத்திக் காடு பிடித்துவிட்டதா என்பது அடுத்த கேள்வி. சிறியதென்றால் படத்தில் இரண்டு சுத்தியல்களைக் குறுக்காகப் போட்டுவிட்டால் போதும். பெரியதென்றால் விளிம்பைச் சுற்றி மண்ணிறக் கோடு. அந்தக் கோட்டிலிருந்து சின்னப் பற்கள் உள்ளே பார்த்தபடி இறங்கவேண்டும். பல் வெளியே பார்த்தால் அது பள்ளமில்லை, மேடு. நான் ஒருமுறை பல்லைத் திருப்பி வைத்துவிட்டேன். நிட்டம்புவைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மலை முளைத்திருக்கிறதாம் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கொட்டாஞ்சேனையில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பள்ளிக்கூடம் முடிந்ததும் ஓர் அச்சகத்தில் பிஸ்கட் பெட்டிகளுக்குப் படம் கீறப் போயிருக்கிறார். கோடு மயிரிழைபோல ஒரே தடிப்பில் போகிறது என்று கண்டு யாரோ வரைபட வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். கலியாணம் பேசி வந்த ஒருவர், அவர் கீறிக்கொண்டிருந்த தாளுக்கு மேலே தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாராம். அதோடு அந்தப் பேச்சு சரி. பிறகு பேசி வந்தவர்கள் கோப்பையைப் பத்திரமாகப் பிடித்தார்களா என்று தெரியாது. அவர் தனியாகவே இருந்தார். ஞாயிறு பூசை, பாடகர் குழு, ஒழுங்கைச் சண்டைகளில் நடுவர், வெள்ளவத்தைக்கு இரண்டு பஸ். இவ்வளவும்தான் அவருடைய வாழ்க்கை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. எங்களுக்கு வேலை தந்த நிறுவனம் கொடுத்த விதிகளில் ஓரிடம் வெறுமையாகக் கிடந்தது. வேலை நிறுத்திய குவாரியில் தண்ணீர் நிரம்பிவிட்டால் அதை எப்படிக் காட்டுவது என்று அதில் இல்லை. ஒருவர் மண்ணிறத்தில் போட்டார். இன்னொருவர் நீலத்தில் போட்டார். கொன்ஸ்ரன்ஸ் மிஸ்ஸால் இதைத் தாங்க முடியவில்லை. ஓர் இடத்துக்கு இரண்டு பெயர் இருக்கக்கூடாது என்பது அவருக்குக் கிட்டத்தட்ட வேதம். நேரே அந்த நிறுவனத்தின் கூட்டத்துக்குப் போய் ஒரு விதியை ஏற்கச் செய்துவிட்டு வந்தார். வெயில் காலப் படத்திலும் மழைக் காலப் படத்திலும் தண்ணீர் நின்றால், அது குவாரி இல்லை, நீர்நிலை; நீலத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். நீலத்தில் இருந்த பெயர்கள் ஆறு, கால்வாய், களப்பு, குளம் மட்டும். ஆகவே தண்ணீர் நிரம்பிய குவாரிகள் எல்லாம் குளமாயின. ஸ்ரீஸ்கந்தராசா சேர் அன்றைக்கு எல்லோருக்கும் கேக் வாங்கினார். படங்கள் சுத்தமாக, ஒழுங்காக வந்தன. அந்தப் படங்கள் பிறகு அச்சிலும் கைத்தொலைபேசிகளிலும் போனதாகக் கேள்விப்பட்டோம். இதெல்லாம் நான் சேர்வதற்கு முந்திய கதை; ஆனால் அவர் சொல்லிச் சொல்லி எனக்கும் மனப்பாடம்.

அவருடைய வீட்டுக் கூடத்தில் அந்தப் படத்தொகுதியின் ஒரு தாள் சட்டம் போட்டுத் தொங்கியது. ஒரு பக்கம் திரு இருதயப் படம், மறுபக்கம் கம்பஹா மாவட்டம்.

அதே ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி பேர்ணடெற் அன்ரி இருந்தார். பாடகர் குழுவில் கொன்ஸ்ரன்ஸ் மிஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று பாடுபவர். அவருடைய ஒரே மகன் ஜொனாதன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தான். கோயில் இளைஞர் குழுவில் கிற்றார் வாசிப்பவன். முகத்துவாரக் கடலில் நீந்திப் பழகியவன். போயா என்கிற பௌர்ணமி விடுமுறைக்கு முதல் ஞாயிறு, பூசை முடிந்து அவன் இரண்டு மூன்று கூட்டாளிகளோடு கொன்ஸ்ரன்ஸ் மிஸ்ஸின் வீட்டுக்கு வந்திருக்கிறான். முழு நாட்டையும் கீறி வைத்திருப்பது அன்ரிதானே, ஆட்கள் நெருக்காத நல்ல குளமொன்று சொல்லுங்கோவன், வாடகைக்கு வான் பிடித்துப் போய்க் குளிக்கப்போகிறோம் என்று கேட்டிருக்கிறான்.

அவருக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சட்டத்துக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு விரலை வைத்திருக்கிறார். ரப்பர் தோட்டமொன்றின் பின்பக்கம், நகமளவு நீலம். பக்கத்தில் வீடு இல்லை. தண்ணீர் வரைக்கும் வாகனம் போக அகலமான பாதை. குளத்துக்கு அவ்வளவு அகலமான பாதை எதற்கு என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. அந்தப் பாதை கல் ஏற்றிய லொறிகளுக்குப் போட்டது.

குளமென்றால் கால் வைத்தால் முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. இந்த நாட்டில் குளத்தில் இறங்கிய எல்லோருக்கும் அது காலுக்கே தெரியும். ஜொனாதனும் அப்படித்தான் காலை வைத்திருக்கிறான். விளிம்பு முழுக்கச் செடி மூடிக் கிடந்தது. அதற்குக் கீழே வெட்டிய பாறை, சுவர்போல, நேரே கீழே. அவன் கீழே போகும் வழியில் பாறை ஓரிடத்தில் படிபோல நீண்டிருந்தது. தலை அதில் அடித்தது. கூட்டாளிகள் நல்ல நீச்சல்காரர்கள்தான். இருந்தும் அவனை எடுக்க ஊர்க்காரர்கள் கயிறோடு வரவேண்டியிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் அலுவலகத்துக்கு வந்தபோது கொன்ஸ்ரன்ஸ் மிஸ் என் கதிரையில் இருந்தார். கைப்பை மடியில் இருந்தது. குழியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தத் தாளைத் திற என்றார். திறந்தேன். நீலத்துக்குக் கீழே கிடக்கும் பழைய படத்தைக் காட்டு என்றார். நீலத்தை அணைத்துவிட்டு, தண்ணீர் நிரம்புவதற்கு முந்திய வருடத்துப் படத்தைக் கொண்டுவந்தேன். சாம்பல் நிறத்தில் படிபடியாக வெட்டிய சுவர்கள். கல்லுடைக்கும் யந்திரத்தின் நிழல். எறும்பு மாதிரி மூன்று லொறிகள். பக்கத்தில் அதைக் குளமாக மாற்றியவரின் முதலெழுத்துக்கள் வந்தன. அவருடையவை.

படத்தை மூடிவிடக் கையை வைத்தேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டார்.

"இதைப் பாத்தனான் மல்லி," என்றார். கடைசிச் சொல் மேலே போகவில்லை. "மாத்தக்குள்ள இந்தச் சுவர், இந்த லொறி, எல்லாத்தையும் பாத்தனான். மாத்திப்போட்டு, இப்பதான் படம் வடிவா இருக்குதெண்டு நினைச்சனான்."

எழுந்து நேரே சேரின் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை. அதனால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அவர் கேட்டது ஒன்றுதான். புதிய பதிப்பு வெளியே போவதற்கு முன்னால், தண்ணீர் நிரம்பிய குவாரிகள் அத்தனையையும் குளத்திலிருந்து பிரித்தெடுத்து, பார்த்த உடனே குவாரியென்று தெரிகிற மாதிரி ஒரு தனி வகையாகக் காட்ட வேண்டும். சேர் இரக்கமில்லாதவர் இல்லை. அடக்கத்துக்கு வந்து கடைசிவரை நின்றவர். ஆனால் அவருக்கும் அவருடைய கணக்கு இருந்தது. அப்படிச் செய்வதென்றால் மேல் மாகாணத்து நீலம் ஒவ்வொன்றையும் பழைய படங்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பலவற்றை நேரே போயும் பார்க்க வேண்டும். தவணை தவறினால் வேலை வேறு ஆட்களுக்குப் போகும். இந்த மாடியில் இருக்கிற பிள்ளைகள் எங்கே போவார்கள்? ஏற்ற விதியை மாற்றச் சொன்னால் காரணமும் கேட்பார்கள்.

"என்ன சொல்லப் போறியள் கொன்ஸ்ரன்ஸ்?"

"நடந்ததைச் சொல்லுவன் சேர்."

"அதைச் சொல்ல வேணுமெண்டில்லை. உங்கட பேர் கெடும், எங்கட பேரும் கெடும். நுட்பத் தவறு எண்டு ஒரு சொல்லுப் போட்டால் காணும். நான் கதைச்சு, அந்த ஒரு இடத்தை மட்டும் மாத்துவிக்கிறன்."

"மற்ற இடங்களுக்கும் பிள்ளைகள் குளிக்கப் போகும் சேர். நுட்பத் தவறுக்கு ஒருத்தரும் புது வகை தரமாட்டாங்க. பிள்ளை செத்ததுக்குத் தருவாங்க."

கடைசியில் சேர் கூட்டத்துக்கு நாள் கேட்பதாகச் சொன்னார்.

கூட்டத்தில் சொல்வதற்கு முதல் இன்னொரு இடத்தில் சொல்ல வேண்டியிருந்தது. குளத்தைக் காட்டியவர் கொன்ஸ்ரன்ஸ் மிஸ் என்பது ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. படத்தில் குளம் இருந்தது, அவர் காட்டினார், அவ்வளவுதான். அந்தக் குளத்தைக் குளமாக்கியதே அவர் என்பது எங்கள் மாடிக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அவர் வாய் திறக்காவிட்டால் என்றைக்கும் தெரிந்திருக்காது.

அன்றைக்குப் பின்னேரமே அவர் பேர்ணடெற் அன்ரியின் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததைப் பிறகொரு நாள் அன்ரியே எனக்குச் சொன்னார். கொன்ஸ்ரன்ஸ் மிஸ் சட்டத்திலிருந்து கழற்றிய தாளையும் பழைய படத்தின் பிரதியையும் கொண்டு வந்திருக்கிறார். ஜொனாதனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்த சாப்பாட்டு மேசையில் இரண்டையும் விரித்து, எது எது என்று காட்டி, தான் செய்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லியிருக்கிறார். அழவில்லையாம். பேர்ணடெற் அன்ரி ஒரேயொரு கேள்விதான் கேட்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு விரல் வைத்துக் காட்டிய நேரம், அது குவாரியென்று அக்காவுக்குத் தெரியுமா?

"முந்தி தெரியும். அந்த நேரம் மறந்து போச்சு. நானே கீறினதை நானே நம்பிட்டன்."

பேர்ணடெற் அன்ரி இரண்டு தாளையும் சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்திருக்கிறார். அடுத்த ஞாயிறு பாடகர் குழுவில் அவர் பின்வரிசைக்குப் போய்விட்டார். கொன்ஸ்ரன்ஸ் மிஸ்ஸுக்குப் பக்கத்து இடம் வெறுமையாகவே கிடந்தது.

கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள், படங்களைத் திரையில் போடுவதற்கு. நீள மேசை, குளிர்சாதனம், தேத்தண்ணியும் கட்லட்டும். தலைமைக்கு இருந்த சிங்கள அதிகாரி, எல்லோரும் மாத்தையா என்று மரியாதையாக அழைத்தவர், நல்ல மனிதர்தான், சிரித்த முகம். விதி நன்றாக இருக்கிறது, ஏன் கலைக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். குளிக்கப் போகிறவர்கள் யார் வரைபடம் பார்த்துக்கொண்டு போகிறார்கள், ஒரு நீல நிறத்தால் யாருக்கு என்ன நட்டம் வந்துவிடப் போகிறது என்றும் கேட்டார். சேர் தன் கோப்பைப் பார்த்தார்.

கொன்ஸ்ரன்ஸ் மிஸ் எழுந்து நின்றார். துறைமுகத்துச் சிங்களம் அவருடையது, சரளமாக ஓடும். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். விதி தன்னுடையது என்றார். எந்தத் தாள், எந்த இடம் என்றார். அந்த இடத்தை யாருக்குக் காட்டினார், அவன் யாருடைய பிள்ளை, அவன் காலை எப்படி வைத்தான் என்று சொன்னார். ஒரு சொல்லையும் இழுக்கவில்லை. நான் திரையில் நீலத்தை அணைத்தேன். சாம்பல் சுவர்கள் வந்தன. மாத்தையா தன் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டார். புதிய வகை ஏற்கப்பட்டது. நடுவே நீலம், சுற்றிவர மண்ணிறப் பற்கள் உள்ளே பார்த்தபடி. தவணையையும் மழைக் காலம் தொடங்கும் வரை தள்ளிக் கொடுத்தார்கள்.

அந்த மாதங்களில் நாங்கள் பார்த்த நீலங்கள் கனவிலும் வந்தன. பழைய படத்தில் சுவர் தெரிந்தவற்றை உடனே மாற்றினோம். சந்தேகமானவற்றுக்கு நேரே போனோம். அதற்கு அவரே ஒரு வழி வைத்திருந்தார். அளவுநாடாவின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, கரையிலிருந்து ஓரடி தள்ளி இறக்குவது. உடனே தரை தட்டினால் குளம். நாடா ஓடிக்கொண்டே போனால் குவாரி. போன இடங்களில் சனம் கூடும். மாணிக்கக்கல் தேட வந்தவர்கள் என்று சிலர் நினைத்தார்கள். ஒரு இடத்தில், முச்சக்கரவண்டி கழுவிக்கொண்டிருந்த ஒருவர், மீன் பிடிக்க நாடா எதற்கு, தூண்டில் தரட்டுமா என்று கேட்டார். கொன்ஸ்ரன்ஸ் மிஸ் அவரை நிற்பாட்டி வைத்து, இதற்குள் பிள்ளைகளை இறக்கவேண்டாம் என்று கால்மணி நேரம் சொன்னார். அந்த மனிதர் வாளியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த அந்த இடத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். அங்கே அளக்கவேண்டிய தேவையே இல்லை. பழைய படத்தில் எல்லாம் தெளிவு. இருந்தும் போனோம். தண்ணீர் பச்சையாக, அசையாமல் இருந்தது. மறுகரையில் யாரோ கட்டிவிட்ட மாலையொன்று காய்ந்து கிடந்தது. விளிம்பில் நிற்கவேண்டாம் என்று என்னைப் பின்னுக்கு இழுத்து, மரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நாடாவைத் தானே இறக்கினார். அது ஓடியது. நின்றுவிட்டது என்று நினைத்த இடத்தில் ஒருமுறை தட்டி, சரிந்து, மறுபடி ஓடியது. அந்தத் தட்டல் எதுவென்று இருவருக்கும் விளங்கியது. முழு நாடாவும் முடிந்த பிறகும் கல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதை மெதுவாகச் சுற்றி எடுத்து, ஈரத்தைச் சேலையில் துடைத்தார். திரும்பி வரும் வழி முழுக்க வான் வண்டிக்குள் வானொலி பாடியது. அதை நிற்பாட்டச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவரும் சொல்லவில்லை.

அலுவலகத்தில் நான் அவருடைய குரலைச் செய்வதை விட்டுவிட்டேன். தனுஷியாவும் கேட்பதில்லை. ஒருநாள் மத்தியானம் அவரே என் மேசைக்கு வந்து, தன் குரலை எங்கே துலைத்துவிட்டாய் மல்லி, நீயும் செய்யாவிட்டால் இந்த மாடியில் மனிசர் இருக்கிறதே தெரியவில்லையே என்றார். முயன்று பார்த்தேன். மூக்கு வந்தது. கடைசிச் சொல்லை மேலே தூக்க முடியவில்லை.

புதிய தாள்கள் மழைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தன. ரப்பர் தோட்டத்துத் தாளின் ஒரு பிரதியை பேர்ணடெற் அன்ரிக்கு அனுப்பட்டுமா என்று சேர் கேட்டார். அந்த வீட்டுக்கு இன்னொரு படம் வேண்டாம் என்று கொன்ஸ்ரன்ஸ் மிஸ் மறுத்துவிட்டார். தன் வீட்டுக் கூடத்திலும் அவர் எதையும் மாட்டவில்லை. ஆணி மட்டும் இருந்தது.

வருடப் பிறப்புக்குப் பிறகு நெஞ்சில் நோ என்று படியேறும்போது இருந்து இருந்து வந்தார். மருந்துக்கடைக்காரர்தான் முதலில் கவனித்தவர். படியில் சத்தத்தைக் காணோம், அந்த நோனாவுக்கு ஏதோ சுகமில்லை என்று என்னிடம் சொன்னார். சேர் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் விட்டார். இருதயம் களைத்துப்போய்விட்டது, இனிப் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை என்றார்கள். வாட்டிலும் தாதிமாரோடு சண்டை பிடித்துக்கொண்டுதான் கிடந்தார். எந்தக் குளிசை எதற்கு என்று சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டுத் தருகிறார்களாம்.

அவர் அடுத்த ஞாயிறைக் காணவில்லை. ஆகவே நான் கேட்ட கடைசிப் பேச்சு, வெள்ளிக்கிழமை பின்னேரம், ஆட்கள் பார்க்கவரும் நேரத்துப் பேச்சுத்தான். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். வாசலில் பேர்ணடெற் அன்ரி வந்து நின்றார், கையில் கஞ்சிப் போத்தல். கதவைத் திறந்து பிடித்த அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு இருவரும் ஒரு சொல் பேசிக்கொண்டதில்லை. கிட்ட வந்து ஸ்ரூலை இழுத்து இருந்தார். போத்தலைத் திறந்து, கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, ஆறவிட்டார். கொன்ஸ்ரன்ஸ் மிஸ் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பேர்ணடெற் அன்ரி அவருடைய கையைத் தடவிவிட்டார். மாதக் கணக்காக அதைச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். நிற்காமல் ஒரே மூச்சில் சொன்னார்.

"அக்கா, நீங்க ஒண்டும் செய்யேல்ல. அந்தக் குழியை நீங்களா தோண்டினது? அவன்ட நாள் அண்டைக்கு முடிஞ்சுது, அது ஆண்டவர்ட சித்தம். எனக்கு உங்களில ஒரு கோவமும் இல்ல. நீங்களும் மனசில போட்டுக்கொண்டு கிடக்க வேணாம்."

கொன்ஸ்ரன்ஸ் மிஸ் தலையணையில் முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். முடியவில்லை. படுத்தபடியே, மூச்சு விட்டு விட்டு, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, பேர்ணடெற் அன்ரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"சித்தம் அது இதெண்டு நான் செய்த வேலையைத் தூக்கி ஆண்டவர்ட தலையில கட்டாத, பேர்ணடெற். குழியை ஆரோ தோண்டினான், தண்ணியை மழை நிரப்பினது, நீலத்தைப் பூசினது நான். என்னை மன்னிக்கிறதெண்டால் நான் செய்ததுக்கு மன்னி. நான் ஒண்டும் செய்யேல்லயெண்டு சொல்லி நீ தாற மன்னிப்பு வேற ஆருக்கோ போய்ச் சேரும், எனக்கு வராது."